கொலு பொம்மை: இனி வாங்கவே கூடாது என்று நான் விட்டவை

கேள்வி, 18 ஆகஸ்ட் 2024

"அக்கா, கல்யாணமாகி இது முதல் நவராத்திரி. பெங்களூரில் வாடகை வீடு. மூன்று படி வைத்தால் போதும் என்கிறார் மாமியார். கையில் 12,000 ரூபாய் இருக்கிறது. என்ன வாங்கலாம் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். என்ன வாங்கக் கூடாது என்று யாராவது சொல்லுங்களேன்."

18 ஆகஸ்ட் 2024, இரவு

திருச்சியில் 31 வருஷமாகக் கொலு வைக்கிறேன். என்னிடம் இப்போது 240 பொம்மைகள் இருக்கின்றன. கெட்டுப்போய்க் கொடுத்ததும் கரைத்ததும் ஒரு 60, 70 இருக்கும். அந்த அறுபதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பொம்மை படியில் இருப்பது பத்து நாள். மிச்ச 355 நாளும் பெட்டியில்தான். கடையில் நிற்கும்போது நமக்குப் படிதான் ஞாபகம் வரும், பெட்டி ஞாபகம் வராது. நான் வாங்கிவிட்டு வருத்தப்பட்ட பொம்மைகள் ஏறக்குறைய எல்லாமே பெட்டிக்குள் கெட்டவை. அதனால் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது, இது எங்கே தூங்கும் என்பது.

பெரிய பொம்மை வேண்டாம். 2003இல் இரண்டரை அடி உயரத்தில் மீனாட்சி கல்யாணம் வாங்கினேன். மூன்று உருவம்: மீனாட்சி, சொக்கநாதர், தாரை வார்க்கும் பெருமாள். கடையில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு அழகு. வீட்டுக்கு வந்த பிறகுதான் படியில் நிற்காது என்பதே தெரிந்தது. பக்கத்தில் தனியாக ஸ்டூல் போட்டு வைத்தேன். முடிந்ததும் பரணில் ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது. 2006இல் இறக்கும்போது பெருமாளின் கெண்டி பிடித்த கை மணிக்கட்டோடு போய்விட்டது. தாரை வார்க்கும் கையே இல்லாமல் அந்தக் கல்யாணத்தை எப்படி வைப்பது?

வாடகை வீடு என்கிறீர்கள். நாளைக்கே வீடு மாற வேண்டி வரலாம். ஒரு அடிக்கு மேல் எதுவும் வேண்டாம். முதல் வருஷம் எட்டு அங்குலமே தாராளம்.

19 ஆகஸ்ட் 2024

காலையிலேயே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், களிமண்ணா, காகிதக் கூழா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸா என்று.

என் வரிசை: சுட்ட களிமண், அப்புறம் காகிதக் கூழ். பிளாஸ்டர் வேண்டவே வேண்டாம்.

கண்டுபிடிப்பது சுலபம். பொம்மையைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். களிமண் பொம்மை உள்ளே கூடாக இருக்கும். முன்பாதி ஒரு அச்சு, பின்பாதி ஒரு அச்சு, இரண்டிலும் மண்ணை அழுத்தி எடுத்து ஒட்டுகிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் அழுத்தியவரின் விரல் தடம் வரிவரியாகத் தெரியும், செங்கல் நிறத்தில். விரல் முட்டியால் லேசாகத் தட்டினால் பானையைத் தட்டுவது போலச் சத்தம் வரும். பிளாஸ்டர் என்றால் அடி வெள்ளையாக இருக்கும், நகத்தால் சுரண்டினால் மாவு உதிரும், சத்தமும் மொத்தென்று வரும்.

பிளாஸ்டர் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பரணில் இருந்தால் உள்ளே ஊறி, மேலே வண்ணம் கொப்புளிக்கும். அடுத்த புரட்டாசியில் துணியைப் பிரிக்கும்போது முகம் துணியோடு வரும். எனக்கு ஒரு சரஸ்வதி அப்படிப் போனாள்.

காகிதக் கூழுக்கு எடை குறைவு, உடையாது. ஆனால் பூச்சி. பசை இருக்கும் இடத்துக்கு ராமபாணப் பூச்சி வந்தே தீரும். வாங்கும்போது அடியில் ஊசித் துளைகள் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அது ஒன்று உள்ளே வந்தால் பெட்டி முழுக்கப் பரவும்.

21 ஆகஸ்ட் 2024

அரைகுறை செட். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

1998இல் தசாவதாரம் வாங்கப் போனேன். பத்தில் ஒன்பதுதான் இருந்தது. கல்கி அவதாரம் உடைந்துவிட்டது, அடுத்த வாரம் வந்துவிடும் என்றார் கடைக்காரர். விலையில் 150 ரூபாய் குறைத்தார். எனக்கு அந்த 150 பெரிதாகத் தெரிந்தது. அடுத்த வாரம் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. அப்புறம் நானே ஊர் ஊராகத் தேட ஆரம்பித்தேன். மயிலாப்பூர் வடக்கு மாட வீதி, சிங்காரத்தோப்பு பூம்புகார் கண்காட்சி, பண்ருட்டி, மதுரைப் பக்கம் விளாச்சேரி. கல்கி எல்லா இடத்திலும் இருக்கிறார், என் செட்டின் கல்கி மட்டும் இல்லை. ஒன்று உயரம் பொருந்தாது, இல்லாவிட்டால் முகத்தின் நீலம் பொருந்தாது. ஓர் அச்சில் பிறந்த முகத்துக்குப் பக்கத்தில் இன்னோர் அச்சின் முகத்தை வைத்தால், வீட்டுக்கு வந்த குழந்தைகூடச் சொல்லிவிடும்.

26 வருஷமாக என் வீட்டில் தசாவதாரம் ஒன்பதுதான். பலராமர், கிருஷ்ணர், அப்புறம் ஒரு குத்துவிளக்கு.

அதனால் செட்டு என்றால் கடையிலேயே எண்ணுங்கள். ஊர்வலம் செட்டில் நாகஸ்வரக்காரர் இருக்கிறாரா, தவில்காரர் இருக்கிறாரா, பல்லக்கைத் தூக்குகிறவர்கள் நான்கு பேரும் ஒரே உயரமா என்று பாருங்கள். "பாக்கி அப்புறம் வரும்" என்றால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

22 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்டவருக்கு ஒன்று விட்டுப்போயிற்று. பெங்களூரிலேயே இருக்கிறீர்கள், சென்னபட்டணம் மைசூர் சாலையில் 60 கிலோமீட்டர்தான். அந்த ஊர் மரப் பொம்மைகள் வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும்போதே அரக்கு ஏற்றிச் செய்தவை. புவிசார் குறியீடு பெற்றவை. பெட்டிக்கு அவற்றைப் போல நல்ல பிள்ளைகள் கிடையாது. பூங்கா, சந்தை, ரயில் என்று கீழே அமைப்பதற்கு அவையே போதும்.

30 ஆகஸ்ட் 2024

மரப்பாச்சி.

புதுப் பெண்ணுக்கு அம்மா வீட்டிலிருந்து ஜோடியாகக் கொடுப்பது எங்கள் பக்க வழக்கம். உங்களுக்கு வரவில்லை என்றால் நீங்களே வாங்கலாம், தவறில்லை. ஆனால் செம்மரம் என்று சொல்லி விற்பதில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு மரத்துக்குச் சிவப்புச் சாயம் பூசியது. நான் ஒரு ஜோடி 1,400 ரூபாய்க்கு வாங்கி, வெள்ளைப் பட்டுத் துணி சுற்றி அலங்காரம் செய்தேன். பத்தாம் நாள் துணியை எடுத்தால் ராணியின் இடுப்பைச் சுற்றி இருந்த இடமெல்லாம் ரோஸ் நிறம்.

ஈரத் துணியால் லேசாகத் துடைத்துப் பாருங்கள். சாயம் என்றால் ஒட்டும். கையில் கனம் தெரிய வேண்டும். செம்மரத்தின் வைரம் தண்ணீரில் போட்டால் மூழ்கும், அவ்வளவு கனம். கடையில் வாளி கொண்டுவரச் சொல்ல முடியாதுதான். சாதாரண மரத்தில் அதே அளவு பொம்மை ஒன்றை இன்னொரு கையில் பிடித்துப் பார்த்தாலே புரியும்.

சாதா மரம் என்று சொல்லியே விற்றால் தாராளமாக வாங்குங்கள். செம்மரம் என்று சொல்லி, செம்மர விலை வாங்குகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

31 ஆகஸ்ட் 2024

ஒருவர் திருத்தியிருக்கிறார், சரியான திருத்தம். செம்மரத்தையும் கல்லில் தண்ணீர் விட்டு இழைத்தால் சிவப்பாகத்தான் வரும், குழந்தைகளுக்கு அந்தக் காலத்தில் இழைத்துப் பூசியிருக்கிறார்கள். ஆமாம். நான் சொன்னது இழைப்பதை இல்லை, ஈரத் துணியால் ஒரு தரம் துடைப்பதை. அதற்கு நல்ல செம்மரம் சாயம் விடாது.

சிங்கப்பூரிலிருந்து கேட்டவருக்கு: செம்மரத்தை நாட்டை விட்டு எடுத்துப் போகக் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கம் சொல்லும் நிலைமை வேண்டாம். மரப்பாச்சி வேண்டுமென்றால் வேறு மரத்தில் வாங்கிப் போங்கள்.

7 செப்டம்பர் 2024

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை வேலை முடிந்து இப்போதுதான் உட்கார்ந்தேன்.

பிளாஸ்டர் வேண்டவே வேண்டாம் என்று 19ஆம் தேதி எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். அம்மா வீட்டில் செட்டியாரும் ஆச்சியும் இருக்கிறார்கள். எண்பதுகளில் வாங்கியது. முன்னால் அரிசி, பருப்பு, வெல்லம் பரப்பிக் கடை வைப்போமே, அந்த ஜோடி. அது பிளாஸ்டர். இன்று கவிழ்த்துப் பார்த்தேன், அடி சுத்த வெள்ளை. இவ்வளவு வருஷமும் களிமண் என்றே நினைத்திருந்தேன். செட்டியாரின் தொந்தியில்கூட ஒரு விரிசல் இல்லை.

அம்மா அதைப் பரணில் ஏற்றியதே இல்லை. சமையலறைச் சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கும் மர அலமாரியின் கீழ்த் தட்டு, எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும் இடம். ஆக, பிளாஸ்டரே பாவம் என்பதில்லை. ஈரம் ஏறாத இடம் இருந்தால் சின்னதாக வாங்கலாம். உங்கள் பெங்களூர் வாடகை வீட்டில் அப்படி ஓர் இடம் இருக்கிறதா என்று உங்களுக்குத்தான் தெரியும்.

15 செப்டம்பர் 2024

காஞ்சிபுரம் போய்வந்தேன். பொம்மைக்காரத் தெருவில் திண்ணை, நடை, மாடிப்படி எல்லாம் பொம்மை. நான் போன வீட்டில் பின்கட்டில் ஓர் அம்மா கண் எழுதிக்கொண்டிருந்தார். வரிசையாக இருபது முருகன், எல்லாருக்கும் மேனி வண்ணம், வேட்டிக் கரை எல்லாம் முடிந்து கண் மட்டும் வெள்ளையாக இருந்தது. இடது கைச் சுண்டு விரலைப் பொம்மையின் கன்னத்தில் ஊன்றிக்கொண்டு, மெல்லிய தூரிகையால் மேல் இமை ஒரு இழுப்பு, கீழ் இமை ஒரு இழுப்பு, அப்புறம் பாப்பா. ஒரு முருகனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கண் வந்ததும் அது பார்க்க ஆரம்பித்துவிடுகிறது.

அவரிடமே கேட்டேன், நீங்கள் எதை வாங்க மாட்டீர்கள் என்று. யோசிக்காமல் சொன்னார்: "நவராத்திரிக்கு முந்தின வாரம் வண்ணம் அடிச்சதை வாங்க மாட்டேன்மா." வண்ணம் உள்ளே காயாது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். மூக்கருகில் கொண்டுபோனால் பெயின்ட் வாசனை அடிக்கிறதா பாருங்கள். அடித்தால் வேண்டாம்.

இதைக் கேட்டதும் எனக்கு 2019 ஞாபகம் வந்தது. அந்த வருஷம் ஜூலை, ஆகஸ்டில் அத்தி வரதர் எழுந்தருளியிருந்தார், நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை. அடுத்து வந்த நவராத்திரிக்கு எல்லாக் கடையிலும் அத்தி வரதர்தான், சயனக் கோலம், நின்ற கோலம் இரண்டும். அவசரத்தில் அடித்த வண்ணம். நான் வாங்கியதில் வலது கண் நேராகப் பார்க்கும், இடது கண் மேலே பார்க்கும். 2020இல் துணியைப் பிரித்தபோது மாலையின் பச்சை எல்லாம் துணியில்.

அந்தந்த வருஷத்துப் பரபரப்புப் பொம்மையை வாங்காதீர்கள் என்று இதனால்தான் சொல்வேன். ஒரு வருஷம் பொறுத்தால் அதே உருவத்தை நிதானமாகச் செய்வார்கள்.

16 செப்டம்பர் 2024

நேற்று எழுதாமல் விட்டது. காஞ்சிபுரத்துக்குப் போகும்போது என் பரசுராமரைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே போனேன், கல்கிக்காக. அந்த அம்மா பரசுராமரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எங்கள் மாமனார் அச்சு மாதிரி இருக்கிறது, அந்த அச்சு இப்போது இல்லை என்றார். ஆனால் அளவுக்குச் செய்து பார்க்கலாம், பொம்மையை விட்டுப் போங்கள் என்றார். விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இந்த வருஷம் எட்டுதான்.

17 செப்டம்பர் 2024

"பழைய பொம்மை" என்று விற்பவர்களிடம் கவனம். இப்போது பழசுக்கு மவுசு. ஒரு வீட்டைக் காலி செய்தபோது கிடைத்த 80 வருஷத்து ராமர் பட்டாபிஷேகம் என்று 4,000 ரூபாய்க்கு வாங்கினேன். மேலெல்லாம் புகை படிந்த மாதிரி மங்கல். பஞ்சால் துடைத்தால் மங்கல் பஞ்சில் வந்துவிட்டது. அடியில் புது பிளாஸ்டர்.

இன்னொரு வகை, பழசின் மேலேயே புது எனாமல் அடித்து விற்பது. அதை வாங்கினால் பழசும் இல்லை, புதுசும் இல்லை. எனாமல் கனமாக ஏறினால் மூக்கு, உதடு, விரல் இடுக்கு எல்லாம் மொழுக்கென்று ஆகிவிடும். இதை நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம், பாட்டியின் தவழும் கிருஷ்ணனுக்கு நானே அதைச் செய்தேன். 2009இல் வண்ணம் மங்கிவிட்டது என்று கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதும் ஒருவரிடம் கொடுத்தேன். பளபளவென்று திரும்பி வந்தது. பாட்டி அப்போது இருந்தாள். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவன் யாரு?" என்று கேட்டாள். வேறெதுவும் சொல்லவில்லை.

பழைய வண்ணம் மங்கியிருந்தால் மங்கியபடியே வையுங்கள். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

24 செப்டம்பர் 2024

இணையத்தில் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு. முன்பக்கப் படம் மட்டும் போட்டிருந்தால் வேண்டாம். முதுகு, அடி இரண்டின் படமும், எடை எவ்வளவு என்பதும் கேளுங்கள். கை உடம்பை ஒட்டியிருக்கும் உருவமாகப் பாருங்கள். நீட்டிய கை, தூக்கிய கால், தனியாக நிற்கும் வில் எல்லாம் கூரியரில் தாங்காது. வேணுகோபாலனுக்குப் புல்லாங்குழல் மண்ணிலேயே செய்து ஒட்டியிருந்தால் ஒரே வருஷம்தான். என்னிடம் இருக்கும் மூன்று வேணுகோபாலனுக்கும் இப்போது ஈர்க்குச்சிதான் குழல், பொன் வண்ணம் பூசியது. பார்க்க நன்றாகவே இருக்கிறது.

தஞ்சாவூர்த் தலையாட்டி என்றால் சாய்த்து விட்டுப் பாருங்கள், தானே நிமிர வேண்டும். நாட்டியப் பெண் என்றால் தலையும் இடுப்பும் தொங்கும் கம்பியில் துரு இருக்கிறதா பாருங்கள்.

தந்தப் பொம்மை எந்தப் பெரிய வீட்டிலிருந்து வந்தது என்று சொன்னாலும் கை வைக்காதீர்கள். 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வியாபாரமே குற்றம். யானையை நினைத்தாலே போதும், சட்டம்கூட வேண்டாம்.

2 அக்டோபர் 2024

மகாளய அமாவாசை. பெட்டிகளை இறக்கியாயிற்று, கலசம் வைத்தாயிற்று. மரப்பாச்சியை முதலில் ஏற்றினோம்.

போன வருஷம் புதிதாக வாங்கிய ஆண்டாளைக் குமிழ் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்தேன். கன்னம் முழுக்க வட்டம் வட்டமாகத் தடம் விழுந்திருக்கிறது, அம்மைத் தழும்பு மாதிரி. செய்தித்தாளில் சுற்றியதற்கு மை ஒட்டியிருக்கிறது. பழைய பருத்தி வேட்டியில் சுற்றியது எல்லாம் அப்படியே இருக்கிறது. பொம்மை வாங்கும்போதே அதற்கான துணியையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். மூன்று படி. மேலே பிள்ளையார், லட்சுமி, சரஸ்வதி. நடுவில் மரப்பாச்சி ஜோடி. கீழே சென்னபட்டணத்து ரயில். மொத்தம் 4,300 ரூபாயாம். மனசு நிறைந்துவிட்டது.

13 அக்டோபர் 2024

நேற்று விஜயதசமி. ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்தோம், இன்று கட்டி எடுத்து வைக்கிறேன்.

பாச்சை உருண்டையைப் பெட்டியில் சும்மா போடாதீர்கள். பிளாஸ்டிக் பொம்மையில் பட்ட இடம் இளகிவிடுகிறது. சின்ன துணி மூட்டையாகக் கட்டி, பொம்மை மேல் படாமல் மூலையில் வையுங்கள். நான் இப்போது காய்ந்த வேப்பிலைக்கு மாறிவிட்டேன்.

21 செப்டம்பர் 2025

மறுபடி மகாளய அமாவாசை. இந்த இழையைத் திறந்து மேலிருந்து படித்தேன். ஒன்றிரண்டு இடத்தில் மனசு மாறியிருக்கிறது.

அத்தி வரதரைப் பற்றி எழுதியதற்கு ஒருவர் சொன்னது மனசிலேயே நின்றுவிட்டது. அவருடைய அப்பா 2019இல் வரிசையில் நின்று தரிசித்தவர், மறு வருஷம் கொரோனாவில் போய்விட்டார். அவர் வாங்கித் தந்த பொம்மையின் வண்ணம் எப்படி இருந்தாலும் முதல் படியில் அதுதான் என்கிறார். அவர் வைக்க வேண்டும். கடையில் முகம் தெரியாத பொம்மையை வாங்குவதற்குத்தான் என் கணக்கெல்லாம். ஒருவர் கொடுத்துவிட்டுப் போனதற்கு அது பொருந்தாது.

போன வாரம் காஞ்சிபுரத்திலிருந்து கல்கி வந்தார், பரசுராமரோடு. குதிரை முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, வாளும் தனியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. நான் வேண்டாம் என்று எழுதியவை இரண்டும் அதில் இருக்கின்றன. அந்த அம்மா யோசித்திருக்கிறார், தூக்கிய குளம்புக்கு அடியில் ஒரு புல் கற்றையை மண்ணிலேயே எழுப்பி முட்டுக் கொடுத்திருக்கிறார். வண்ணம் ஆனியிலேயே அடித்தது, வாசனை இல்லை. முகத்தின் நீலம் கிருஷ்ணருடையதைவிடக் கொஞ்சம் அடர்த்தி. உயரம் ஒரு விரற்கடை அதிகம். கடைசியில் நிற்பதால் தெரியவில்லை. குத்துவிளக்கை இந்த வருஷம் கீழ்ப் படிக்கு மாற்றிவிட்டேன்.